தாமலில் புதைத்த செட்டியாரம்மா

1. கை தெரியுது

என் தம்பி போன் செய்தபோது நான் ஒரு காகிதக்கூழ் யானைக்குத் தும்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தேன். தும்பிக்கை ஒட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்பது எங்கள் கொட்டகைச் சட்டம். பிடித்த கையை விட்டால் தும்பிக்கை சரிந்து யானை பன்றியாகிவிடும். ஆனால் அவன் மூன்றாவது முறையாக அடித்தான்.

"யக்கா, கை தெரியுது."

"எந்தக் கை?"

"நீ பொதைச்சியே, அந்தப் பொம்பளை கை. மழையில மண்ணு கரைஞ்சு முழங்கை வரைக்கும் வெளிய நிக்குது. ஊரே கூடிப் போச்சு. போலீஸ் வந்துக்கினு இருக்குது."

"பொம்மைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். எவன் நம்புறான்? வளையல் போட்டிருக்குது, மருதாணி வச்சிருக்குது. ஒரு கெழவி ஒப்பாரியே ஆரம்பிச்சிருச்சு."

மருதாணி மும்தாஜின் வேலை. எங்கள் கொட்டகையில் வண்ணம் முழுக்க அவள் கையில். புதைக்கப்போகிற பொம்மைக்கு மருதாணி எதற்கடி என்று அன்றைக்கே கேட்டேன். "வெறுங்கையோடயா அனுப்புறது?" என்றாள். யானை பன்றியானாலும் ஆகட்டும் என்று விட்டுவிட்டு, அவள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். தம்பி இருக்கிற தாமல் போய்ச் சேரும் வரை அவளைத் திட்டிக்கொண்டே போனேன். காற்றில் அவளுக்குப் பாதிதான் கேட்டிருக்கும்.

2. ஏன் புதைத்தேன்

நான் காஞ்சிபுரத்தில் நாற்பது வருடமாகக் காகிதக்கூழ் பொம்மை செய்கிறேன். கொலு பொம்மைதான் பிரதானம். இப்போது டிசைன் படிக்கிற பிள்ளைகள் பலர் கொட்டகைக்கு வந்து, மக்கும் பொருளில் வேலை செய்வது எப்படி என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

கொலு பொம்மைத் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு. ஆடியிலிருந்து நவராத்திரி வரை மூக்கு சொறியக்கூட நேரம் இருக்காது. நவராத்திரி முடிந்தால் கொட்டகையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். என்னோடு வேலை செய்யும் ஆறு பெண்களும் அட்டைப்பெட்டி ஒட்டவும் வீட்டு வேலைக்கும் போய்விடுவார்கள். மறு ஆடிக்கு அவர்களில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்பது காமாட்சிக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் நவராத்திரி முடிந்த கையோடு ஒரு பட்டுக்கடை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். பெயர் தணிகாசலம். பக்கத்தில் ஒரு பெண் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். நிவேதா, சென்னையில் டிசைனர். கடையைப் புதுப்பிக்கிற பொறுப்பு அவளுடையது.

"ராணிம்மா, கடையில சேலை கட்டி நிக்க வைக்கிற ஃபைபர் பொம்மையெல்லாம் தூக்கிடப் போறோம்" என்றாள். "உடைஞ்சா குப்பையிலயே கிடக்குது, நூறு வருஷம் ஆனாலும் அழியாது. மண்ணுல போட்டா மண்ணாகிற மாதிரி நீங்க செஞ்சு தர முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாப்பது வருஷமா பொம்மை கெட்டுப் போகாம இருக்கத்தாம்மா பாடுபடுறேன். கெட்டுப் போகணும்னு கேட்ட மொத ஆளு நீதான்."

முதலாளி நேராக விஷயத்துக்கு வந்தார். எல்லாக் கிளைக்கும் சேர்த்து அறுபது பொம்மை. அதற்கு முன்னால் மாதிரிக்கு இரண்டு. ஒன்று கடையில் நிற்கும், ஒன்றைப் புதைப்போம். நாற்பத்தைந்து நாளில் அது மண்ணாகிவிட்டால் அறுபதும் எங்களுக்கு. ஆகாவிட்டால் பழையபடி ஃபைபர்தான். அறுபது பொம்மை என்றால் ஆறு பெண்களுக்கும் வருடம் முழுக்க வேலை. கொட்டகைக்குப் பூட்டு வாங்கவே வேண்டாம். கேட்ட மாத்திரத்தில் தலையை ஆட்டிவிட்டேன்.

3. ஏழு பொருள்

நிவேதா கொட்டகைக்கு வந்து, எதையெல்லாம் கலக்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். நானும் ஜோசியக்காரி மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். பழைய ஜக்கார்டு அட்டை, அதாவது எந்த இழை தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்கிற ஓட்டை போட்ட அட்டை. டிசைன் பழசானதும் நெசவாளர்கள் தூக்கிப் போடுவது. அதை ஊறவைத்து அரைத்த கூழ் ஒன்று. பட்டுக் கழிவு நூல், உமி, களிமண், சுண்ணாம்புத் தூள், புளியங்கொட்டைப் பசை. இரும்புக் கம்பிக்குப் பதிலாக உள்ளே மூங்கில் குச்சி. மொத்தம் ஏழு. அச்சடித்துக் கொண்டுவந்தாள், கீழே கையெழுத்துப் போட்டேன். காவி, மஞ்சள், விளக்குக் கரி என்று வண்ணத்துக்கு மும்தாஜ் தனித் தாளில் போட்டாள்.

வேலை சுலபமாக முடியவில்லை. அட்டை ஊறிய தொட்டியில் பக்கத்து வீட்டு ஆடு வாய் வைத்தது. நான் விளக்குமாற்றை எடுத்தேன், நிவேதா "சூப்பர்!" என்று போட்டோ எடுத்தாள். உமி கூடிப்போன உடம்பு சேலையைப் பிடித்து இழுத்தது. கழிவு நூல் கூடிப்போன தோளில் குண்டூசி இறங்க மறுத்தது. மூங்கில் கால் வளைந்து ஒருத்தி குடித்தவள் மாதிரி சாய்ந்தாள், அவள் காலை அறுத்து மறுபடி ஒட்டினோம்.

உடம்புக்கு அச்சு கடையின் பழைய ஃபைபர் பொம்மையிலிருந்து எடுத்தோம். முகத்துக்கு எங்களிடம் பெரிய அச்சு ஒன்றுதான் இருந்தது. கொலுவில் மளிகைக் கடை வைத்து உட்கார்ந்திருப்பாளே செட்டியாரம்மா, அவள் முகம். ஒரு கோவில் மண்டபத்துக்காக ஆள் உயரத்தில் செய்தபோது போட்ட அச்சு. கன்னம் இரண்டும் போளி மாதிரி உப்பி, சிரிப்பில் கண் இடுங்கி இருக்கும்.

முதலாளி பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "என்ன ராணிம்மா, பொடவை வாங்க வந்த மாதிரி இல்லியே. விக்க வந்த மாதிரி இல்ல இருக்குது?"

பிறகு அரக்குப் பட்டைக் கட்டி நிறுத்தியதும் அவரே மனம் மாறினார். எலி, பூச்சி எதுவும் என் பொம்மையைத் தொடாது என்று அவரிடமும் நிவேதாவிடமும் பெருமையடித்துக்கொண்டேன். அப்போதாவது என் மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

இன்னொருத்தியை ஐப்பசியில் தாமல் ஏரிக்குக் கீழே என் தம்பி கண்ணப்பனின் நிலத்து ஓரமாகப் புதைத்தோம். குழி வெட்டியவனும் அவன்தான், ஒரு சந்தேகம் கேட்டான். "தலைய எந்தப் பக்கம் வைக்கிறது?"

"எங்களுதுல தெக்க" என்றேன்.

"எங்களுதுல வடக்க வச்சு, மூஞ்சிய மேக்க திருப்புவாங்க" என்றாள் மும்தாஜ்.

"ரெண்டும் வாணாம், குறுக்க போடுடா" என்றேன். அவன் குறுக்கே போட்டான். மூன்றடி வெட்டச் சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன், குழியை எட்டிப் பார்க்கவில்லை. சோம்பேறிப் பயல், ஒன்றரை அடியில் நிறுத்தியிருக்கிறான். அது மழை பெய்த பிறகுதான் தெரிந்தது.

4. வாக்குமூலம்

தாமலில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். சேற்றுக்கு மேலே கை நின்றது. ஐந்து விரல், மருதாணி, கூழிலேயே செய்த வளையல். கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டு, யார் பெற்ற மகளோ என்று பாடிக்கொண்டிருந்தாள். நல்ல குரல்.

எஸ்.ஐ. கேட்டார். "பொதைச்சது யாரு?"

"நான்தான் சார்" என்றேன். செய்தவளுக்கு உள்ள பெருமை வாயில் முந்திக்கொண்டது.

"எப்ப?"

"முப்பத்தேழு நாளாச்சு சார். நாப்பத்தஞ்சு நாள்ல மக்கிடும்னு சொன்னாங்க."

கான்ஸ்டபிளின் பேனா நின்றுவிட்டது. "கூட யாரு?" என்றார் எஸ்.ஐ.

"இவதான் சார். மூஞ்சி வேலையெல்லாம் இவதான் முடிச்சா. நாங்க காலை மட்டும் அறுத்துத் திரும்ப ஒட்டினோம்."

"யக்கா, வாய மூடு, அல்லா மேல ஆணை" என்று மும்தாஜ் பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினாள்.

தோண்டினார்கள். மண்ணை ஒதுக்க ஒதுக்க, போளிக் கன்னத்தோடு செட்டியாரம்மா சிரித்துக்கொண்டே மேலே வந்தாள். பொட்டு கலையவில்லை, மூக்குத்திகூட இருந்தது. கொஞ்சம் ஊறி, முன்னைவிட லட்சணமாக இருந்தாள். கிழவி பாட்டை நிறுத்தினாள். "பொம்மைக்கா நான் மாரடிச்சேன்? நல்லா இருப்பீங்களாடி!" என்று ஒரு பிடி சேற்றை அள்ளி என் மேல் வீசினாள். எஸ்.ஐ. சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை.

"என்னா வேலைம்மா! நேத்து செஞ்சா மாதிரி அப்படியே இருக்குது" என்றார்.

நாற்பது வருடமாக அந்த வார்த்தைக்காகத்தான் வேலை செய்திருக்கிறேன். அன்றைக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. கரையான் ஒன்றுகூட அவளை எட்டிப் பார்க்கவில்லை. மீதி எட்டு நாளில் என்ன நடந்துவிடும்? அறுபது பொம்மையும் போச்சு என்று அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

5. முதலாளியின் யோசனை

கண்ணப்பன் எடுத்த வீடியோ ராத்திரிக்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. காலையில் முதலாளி கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்துப் போனால், மனிதர் காபி வரவழைத்தார்.

"பார்த்தேன் ராணிம்மா. முப்பத்தேழு நாள் சேத்துல கெடந்து மூக்குகூட போவல. இதுதான்மா பொம்மை. அறுபதும் இதே மாதிரி செஞ்சு குடு."

"மக்கலியே மொதலாளி."

"மக்கலைன்னா என்னா? பக்கத்துல ஒரு போர்டு வைக்கலாம், மண்ணில் பிறந்து மண்ணுக்கே போகும் பொம்மைன்னு. கஸ்டமர் படிச்சுட்டு சந்தோஷமா பொடவை எடுத்துக்கினு போவாங்க. எவன் இதைக் கொண்டுபோய்ப் பொதைச்சுப் பார்க்கப் போறான்?"

நியாயமான கேள்விதான். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசை வந்தது. ஆறு பேரின் முகமும் வரிசையாகக் கண்முன் வந்தது. சாயங்காலம் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். காபி ரொம்ப நன்றாக இருந்தது, அதுவும் சேர்ந்து என்னைக் குழப்பியது.

6. நீல டப்பா

மதியம் நிவேதா வந்தாள். தோண்டி எடுத்த செட்டியாரம்மாவைக் கொட்டகை வாசலில் நிறுத்தியிருந்தோம். சுற்றிச் சுற்றி வந்து சுரண்டிப் பார்த்தாள். தன் தாளை எடுத்து ஏழு பொருளையும் வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் சொன்னேன். எல்லாம் மக்குகிற பொருள்தான். பிறகு ஏன் மக்கவில்லை என்று இருவரும் முழித்துக்கொண்டு நின்றோம்.

அந்த நேரத்தில் உள்ளே மும்தாஜ் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். பசை கொதி வந்ததும், எங்களோடு பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், அலமாரியின் இரண்டாவது தட்டுக்குக் கையை நீட்டி ஒரு டப்பாவை எடுத்து, அதிலிருந்து ஒரு கைப்பிடி பானையில் போட்டாள்.

"அது என்ன, நீலக் கலர்ல?" என்றாள் நிவேதா.

"மயில்துத்தம்" என்றேன்.

"லிஸ்ட்ல இல்லியே."

"அது பசையில போடுறதும்மா. போடலைன்னா பசை புளிச்சிரும், பூச்சி வெச்சிரும்."

"எப்பவுமே போடுவீங்களா?"

"போடாம? உப்பு போடாம உங்க வீட்டுல சாம்பார் வைப்பாங்களா?"

அவள் தாளை என் கையில் கொடுத்தாள். அதில் ஆறாவது வரியில் 'புளியங்கொட்டைப் பசை' என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூச்சி, பூஞ்சை எதுவும் கிட்டே வராமல் விரட்டுகிற விஷம் அது. கொலு பொம்மைக்கு ஒரு சிட்டிகை. ஆள் உயரப் பொம்மைக்குப் பானை பானையாகப் பசை, அதனால் கைப்பிடி கைப்பிடியாகப் போயிருக்கிறது. பதினேழு வயதிலிருந்து அந்த டப்பாவில் கை விட்டவள், ஒருநாளும் அதை ஒரு பொருளாகவே எண்ணவில்லை. எங்கள் தொழிலில் பசை என்றாலே துத்தம் போட்ட பசைதான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு வெட்கமாகப் போயிற்று. முன்கோபக்காரி ஆனதால் வெட்கம் கோபமாக வெளியே வந்தது. "நீ கேட்டிருக்கணும்" என்று அந்தப் பெண்ணிடமே பாய்ந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்?

"ராணிம்மா, ரிப்போர்ட்ல நான் என்ன எழுதட்டும்?" என்றாள்.

விஷயம் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். வாசலில் நின்ற செட்டியாரம்மாவைப் பார்த்தேன். முதலாளி சொன்ன போர்டை அவள் கழுத்தில் மாட்டி மனதுக்குள் படித்துப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயம் தர்மம் எல்லாம் பெரிய வார்த்தை. எனக்கு வந்தது ரோஷம். என் பொம்மை மேல் இன்னொருவர் பொய் எழுதி மாட்டுவதா?

"துத்தம்னே எழுது" என்றேன்.

7. இரண்டாவது குழி

முதலாளி காபி வரவழைக்கவில்லை. "வீடு தேடி வந்த லட்சுமிய விளக்குமாத்தால அடிக்கிற" என்றார். ஒரே ஒரு வாய்ப்பு கேட்டேன். தை பிறந்ததும் புதைக்க வேண்டும், மாசிக்குள் முடிவு தெரிய வேண்டும், பங்குனிக் கல்யாணக் கூட்டத்துக்குள் முதல் பத்துப் பொம்மை கடையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபைபர் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

கொட்டகையில் அதற்கு மேல். "உனக்கு ரோஷம் வந்துச்சு, எங்களுக்கு இல்ல சோறு போவுது" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அவளும் இன்னொருத்தியும் அடுத்த நாளே அட்டைப்பெட்டி ஒட்டப் போய்விட்டார்கள்.

துத்தம் இல்லாத பசையோடு வாழ்வது மாமியாரோடு வாழ்வதற்குச் சமம். இன்று காய்ச்சியதை இன்றே தீர்க்க வேண்டும். மறுநாள் காலையில் பானையைத் திறந்தால் வாசலில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். மார்கழிப் பனியில் பொம்மை காயாமல் முதுகில் பூஞ்சை பூத்தது, கரி அடுப்பைச் சுற்றிலும் வைத்துக் காயவைத்தோம். ஒரு பொம்மையைப் பாதியில் கலைத்து மறுபடி செய்தோம். டப்பாவை நானே எடுத்து மேல் பரணில் ஒளித்து வைத்தேன், என் கையை நான் நம்பவில்லை.

தை மாதம் அதே இடத்தில், இம்முறை என் கண்முன்னால், மூன்றடிக் குழி. மேலே ஒரு பலகை நட்டோம். 'இது பொம்மை' என்று மும்தாஜ் சிவப்பில் எழுதினாள். வேர்க்கடலைக்கு விடும் ஏரித் தண்ணீரைக் கண்ணப்பன் அந்த ஓரத்துக்கும் விட்டான்.

நாற்பத்தைந்தாம் நாள் முதலாளி காரில் வந்தார். நிவேதா வந்தாள். அழைக்காமலே எஸ்.ஐ.யும் வந்தார், கை வைத்த கேஸ் என்ன ஆனது என்று பார்க்க. ஒப்பாரிக் கிழவி முன்வரிசையில் இடம் பிடித்து நின்றாள். அட்டைப்பெட்டி ஒட்டப் போன இருவரும் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்கள்.

கண்ணப்பன் தோண்டினான். ஓரடி, இரண்டடி, ஒன்றுமில்லை. மூன்றாவது அடியில் கறுத்துப்போன மூங்கில் குச்சியும், எருப் போல உதிர்ந்த மண்ணும், அதில் ஒரு பட்டு நூல் சிக்கலும் வந்தன. முகம் இருந்த இடத்தில் மண்புழு நெளிந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். நிவேதா என்னைக் கட்டிக்கொண்டாள். "சரிம்மா, அறுபதும் உனக்குத்தான்" என்றார் முதலாளி. பத்து நாள் உட்கார்ந்து தேய்த்த கன்னம் அது. நான் செய்த பொம்மை இல்லாமல் போனதற்காக ஊர் கை தட்டியது அதுதான் முதல் தடவை. அழுதுவிட்டேன்.

கிழவி என் பக்கத்தில் வந்து நின்றாள். "இப்ப வேணா அழட்டுமா?" என்றாள். சொன்னபடியே இரண்டு வரி பாடினாள்.

8. கடைசியாக

அறுபதும் செய்தோம். போன இருவரும் மறுநாளே வந்துவிட்டார்கள். கொட்டகைக்கு அந்த வருடம் பூட்டுப் போடவில்லை, அதற்குப் பிறகும் போடவில்லை. துத்தம் இல்லாத பொம்மைக்கு எட்டு மாதத்தில் மூக்கு போகும், விரல் போகும். முதலாளி போனில் கத்துவார். போய் ஒட்டிவிட்டு வருவோம், ஒட்ட முடியாததற்குப் புதுசு செய்வோம். கெட்டுப் போகிற பொம்மை செய்தால் வேலை தொடர்ந்து வரும் என்று முன்னமே தெரிந்திருந்தால் நாற்பது வருடம் துத்தத்துக்குச் செலவு செய்திருக்க மாட்டேன்.

பழைய செட்டியாரம்மா இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். மக்கவே மாட்டாள் போலிருக்கிறது. தூக்கிய அவள் கையில் மும்தாஜ் சாப்பாட்டுப் பையை மாட்டுகிறாள்.

செய்முறை கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் இப்போது வாயால் ஒன்றும் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். நான் சொன்னதையும் கை செய்ததையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் என்னிடம் சண்டை போடச் சொல்கிறேன். கொலு பொம்மைக்கு மட்டும் துத்தம் இன்னும் உண்டு, டப்பா பரணில்தான் இருக்கிறது. ஆனால் பசை கொதி வரும்போதெல்லாம் என் கை அந்த இரண்டாவது தட்டுக்குப் போய், வெறும் பலகையைத் தடவிவிட்டுத்தான் திரும்பி வருகிறது.